பதினாறும் பதினாறும்

தலையில் பாதி நரைத்த பிறகும் அவனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் அக்கா. இருவரும் சேர்ந்து நடத்தும் அளவைக் கம்பெனி அது. ஆள் இரண்டே பேர், மாடியில் ஒரே அறை, கீழே சலவைக் கடை. வேலை கொடுக்க வருகிறவர்கள் வயதில் எவ்வளவு மூத்தவர்களானாலும், படியேறி வந்ததும் "அக்கா இருக்காங்களா?" என்பார்கள். இல்லையென்றால், "சரி, தம்பிகிட்டயே சொல்லிட்டுப் போறோம்" என்பார்கள். அந்த 'கிட்டயே' முதலில் கொஞ்ச வருஷம் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

அக்கா வெளியே போய் லேசர் கருவியால் அளந்து வருவாள். கருவி முக்காலியின் மேல் நின்று ஒரு சுற்றுச் சுற்றும். எதிரே எது இருந்தாலும் தொட்டுப் பார்த்து, தொட்ட இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைக்கும். ஒரு சுற்றுக்கு மூன்று கோடிப் புள்ளி. அந்தப் புள்ளிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒட்டுப்போட்டு, மேலே தோல் போர்த்தி, வெளிச்சம் காட்டி, அசல் இடத்தைப் போலவே எழுப்பி நிறுத்துவது தம்பியின் வேலை. மூடிய இடம் என்றால் அவனுக்கு ஆகாது. லிஃப்டில் மூன்று மாடி போவதற்குள் சட்டை நனைந்துவிடும். ஆகவே இந்தப் பங்கீட்டில் இருவருக்கும் சண்டை வந்ததில்லை.

கல் குவாரி வேலை வந்ததும் அக்கா மூலமாகத்தான். வெடி வைப்பதற்குத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, துளையிடும் கம்பி திடீரென்று கையை விட்டு நழுவி உள்ளே போய்விட்டது. பக்கத்தில் நின்ற மேஸ்திரி, கம்பி விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தாராம். வந்தது, ஆனால் நிறைய நேரம் கழித்து வந்தது. துளையைப் பெரிதாக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், வெளிச்சம் போய் எதன் மேலும் விழவில்லை.

குவாரி முதலாளி கறாரான மனுஷர். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான். "எத்தனை லோடு மண் கொட்டினா குழி மூடும்? அதை மட்டும் சொல்லுங்க."

அக்கா ஆறு நாள் உள்ளே போய் வந்தாள். பாறையேறப் பழகிய அவளுடைய சிநேகிதி ஒருத்தி கயிறு கட்டி இறக்கிவிட்டு, கூடவே இறங்கினாள். தினமும் சாயங்காலம் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்போது படியெல்லாம் சிவப்புச் சேறாகும். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் முக்காலியை நிறுத்தியிருக்கிறாள்.

"உள்ள எப்படி இருக்கு?" என்று தம்பி கேட்டான்.

"தெரியலடா."

"ஆறு நாள் உள்ளயே கிடந்திருக்கே. தெரியலன்னா?"

"நெத்தி லைட்டுல பத்தடி தெரியும். அந்தப் பத்தடியைத் தாண்டினா அடுத்த பத்தடி. அவ்வளவுதான். ஒரு இடத்துல மேல அண்ணாந்து லைட் அடிச்சேன், கூரை வரல. பக்கத்துல அடிச்சேன், சுவர் வரல. சும்மா புகை மாதிரி லைட் போய் கரைஞ்சுது. நின்னுக்கிட்டு இருக்கேன், ஆனா எங்க நிக்கறேன்னு தெரியல. நீதான் காட்டணும்."

அவள் அப்படிச் சொன்னது அவனுக்குப் புதிதாக இருந்தது. பாலம், ஆலை, பழைய கிடங்கு என்று எதை அளந்து வந்தாலும், உள்ளங்கையில் கோடு போட்டு இன்னது இங்கே என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

புள்ளிகளை ஒட்டி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அறுநூறு கோடிக்கு மேல் இருந்தன. தோல் போர்த்தி வெளிச்சம் காட்டப்போன நேரத்தில், ஆறு வருஷமாக உழைத்த கிராஃபிக்ஸ் கார்டு கையை விரித்துவிட்டது. திரை பச்சையாகி நின்றது. மறுபடி போட்டான். மறுபடியும் பச்சை. மூன்றாம் தடவை பச்சைகூட வரவில்லை.

அக்காவும் அவனும் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரன் தம்பியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். எப்போதும் உதட்டில் நாலு திருகாணியைக் கவ்விக்கொண்டு பேசுவதால் அவன் பெயரே ஸ்க்ரூ ஆகிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும், திருகாணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, அலமாரியிலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இது ஒண்ணு. முப்பத்திரண்டு ஜிபி மெமரி. செங்கல் கனம். இல்லேன்னா இந்த ரெண்டு. ஆளுக்குப் பதினாறு. ரெண்டையும் சேர்த்து வாங்கினாலும் இந்தப் பெரிசோட விலையில மூணுல ரெண்டு பங்குதான் வரும்."

தம்பி யோசிக்கவே இல்லை. "ரெண்டு."

"ஏன்?" என்றாள் அக்கா.

"பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு. கணக்கு சரியாப் போச்சு. விலையும் கம்மி. ரெண்டு பேர் வேலை செஞ்சா ஒருத்தர் செய்யறதைவிட சீக்கிரம் முடியும். ஒண்ணு புட்டுக்கிட்டாலும் இன்னொண்ணு தாங்கும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

ஸ்க்ரூ தலையைச் சொறிந்தான். "கணக்கு அப்படி வராதுன்னு நெனைக்கிறேன்" என்று தொடங்கினான். அதற்குள் இன்னொரு வாடிக்கையாளர் உடைந்த மடிக்கணினியை நீட்டினார்.

அக்கா மூன்று பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு ஜிபியெல்லாம் புரியாது. எதுல போட்டா முழுசாத் தெரியும்? அதைச் சொல்லு."

"ரெண்டுலயும் தெரியும்" என்றான் தம்பி ஒரே போடாக.

கடைசியில் ஸ்க்ரூவே வழி சொன்னான். "மூணையும் எடுத்துட்டுப் போங்க. நாளைக்குச் சாயங்காலம் வேணும்ங்கறதை வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொண்டாங்க. பெட்டியில ஒரு கீறல் விழுந்தாலும் நான் எதுவும் பேச மாட்டேன். நேரா இவன் பொண்டாட்டிகிட்ட போய் இவன் பள்ளிக்கூட மார்க்கையெல்லாம் சொல்லிடுவேன்."

மறுநாள் காலையில் மழை. கீழே சலவைக் கடையில் இஸ்திரி போடும் நீராவி, படிக்கட்டு வழியாக ஏறி அறைக்குள் மிதந்தது. தம்பி இரண்டு சின்ன கார்டுகளையும் பொருத்தி, குகையின் வாயிலுக்கு அருகே இருந்த முதல் அறையை மட்டும் போட்டுப் பார்த்தான். படம் மளமளவென்று வந்தது. பழைய கார்டு முக்கால் மணி நேரம் முக்கி முனகிச் செய்கிற வேலையை, இவை இரண்டும் சேர்ந்து நாலே நிமிஷத்தில் முடித்துவிட்டன. அவனுக்குக் கால் தரையில் படவில்லை.

"பார்த்தியா? சொன்னேன்ல?"

"அந்த ரூம் எனக்கே தெரியும்டா" என்றாள் அக்கா. "கிணறு மாதிரி உயரம், அகலம் நம்ம ஆபீஸ் அளவுதான். முழுசையும் போடு."

போட்டான். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு பாதிவரை ஓடி நின்றது. மெமரி போதவில்லை என்று ஒரு வரி வந்தது. இன்னும் இருபத்தேழு ஜிபி வேண்டும் என்று கேட்டிருந்தால்கூட அவனுக்கு நியாயமாகப் பட்டிருக்கும். அது கேட்டதே மொத்தம் இருபத்தேழுதான். கையில் முப்பத்திரண்டு இருக்கிறது. பிறகு ஏன் போதவில்லை? செட்டிங்கை மாற்றினான். கார்டுகளை இடம் மாற்றிச் சொருகினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். அதே வரி வந்தது.

ஸ்க்ரூவுக்கு ஃபோன் போட்டான். மறுமுனையில் திருகாணிகளைத் துப்பும் சத்தம் கேட்டது.

"நேத்தே சொல்ல வந்தேன், நீ காதுல வாங்கல. பதினாறும் பதினாறும் இதுல முப்பத்திரண்டு ஆகாதுடா. பதினாறும் பதினாறும் பதினாறுதான்."

"அது எப்படி?"

"ரெண்டு பேர் சேர்ந்து ஒரே படத்தை வரையறாங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தன் இடது பக்கம் வரையறான், இன்னொருத்தன் வலது பக்கம். ஆனா ரெண்டு பேருமே மொத்த இடத்தையும் மனசுல வெச்சிருந்தாத்தான் வரைய முடியும். அந்தக் கோடியில பட்ட வெளிச்சம்தானே இந்தக் கோடிக்கு வந்து விழுது? ஒவ்வொருத்தன் தலைக்குள்ளயும் முழுசா இறங்கணும். இவன் தலை பதினாறு, அவன் தலை பதினாறு. உன் குகை இருபத்தேழு. ரெண்டு தலையிலயும் இறங்காது. வேகம் கூடும், இடம் கூடாது."

தம்பி ஃபோனை வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. குகையை நடுவில் வெட்டி இரண்டாக்கினான். ஒரு பாதி இந்தத் திரையில், மறு பாதி அந்தத் திரையில். இரண்டும் அழகாக வந்தன.

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து இரண்டு திரையையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நான் போன இடம் இல்லையே."

"நீ போன இடம்தான். வெட்டு விழுந்த இடம் அந்தப் பெரிய கூடத்துக்கு நடுவுல வருது. அதனால அப்படித் தெரியுது."

"கூரை வரலேன்னு சொன்னேன்ல, அந்த இடமா?"

"ஆமா."

"அந்த இடத்தைத்தான் நான் பார்க்கணும்."

அடுத்து, புள்ளிகளைக் குறைத்துப் பார்த்தான். மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்தான். இந்தத் தடவை முழுக் குகையும் இறங்கியது. ஆனால் திரையில் தெரிந்தது மெழுகு உருகி ஓடினது போல மழமழவென்றிருந்தது.

"இங்க மேலருந்து நூல் நூலா தொங்குமே, ஊசியைவிட மெல்லிசா, உள்ள ஓட்டையா, நுனியில ஒரு சொட்டுத் தண்ணியோட. எங்கடா அது?"

"அது ரொம்பப் பொடிசு. குறைக்கும்போது போயிடுச்சு."

அக்கா கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். முழங்கையின் காய்ந்த புண்ணைத் தடவிக்கொண்டே, "அதுல ஒண்ணுமேலகூட என் ஹெல்மெட் படக்கூடாதுன்னு அரை மணி நேரம் வயித்தால ஊர்ந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

தம்பி எழுந்து போய்ப் பெரிய பெட்டியைத் திறந்தான்.

அது நிஜமாகவே செங்கல் கனம்தான். மூன்று விசிறி. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழைக்க இரண்டு கம்பித் தட்டுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. பொருத்திய பிறகும் தன் பாரத்தில் கொஞ்சம் தொங்கியது. அக்கா ஒரு சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து அடியில் முட்டுக் கொடுத்தாள். பக்கவாட்டுக் கதவு மூடவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு புள்ளியையும் கழிக்காமல், ஒரு வெட்டும் போடாமல், முழுக் குகையையும் ஏற்றினான். கோடு பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. விசிறிகளின் சத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் மழையின் சத்தத்தோடு கலந்துவிட்டது. மெமரிக் கணக்கு இருபத்தேழில் வந்து நின்றது.

திரை கறுப்பாக இருந்தது.

"வரலையா?" என்றாள் அக்கா.

"வந்திருச்சு. உள்ள லைட் இல்ல, அதான். அங்க எப்பவுமே லைட் இருந்ததில்லையே." சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. உண்மைதானே! அந்த இடம் உண்டான நாள் முதல் அக்காவும் சிநேகிதியும் கட்டிக்கொண்டு போன நெற்றி விளக்குகளையும் மேஸ்திரியின் டார்ச்சையும் தவிர அங்கே ஒரு வெளிச்சமும் போனதில்லை.

சாதாரணமாக விளக்கு வைக்கிற இடத்தில் விளக்கு வைக்காமல், அவன் கூடத்தின் நடுவில் ஒரு சூரியனை வைத்தான். நிஜச் சூரியனைப் போலப் பளீரென்று இல்லாமல், விடிகிற நேரத்துச் சூரியன்.

முதலில் தரை தெரிந்தது. வற்றிய ஆற்றுமணலைப் போல அலை அலையாக மடிந்த கல்தரை. பிறகு தூண்கள். மேலிருந்து இறங்கியதும் கீழிருந்து எழுந்ததும் நடுவில் சந்தித்து ஒன்றாகிவிட்ட தூண்கள். ஒன்றிரண்டல்ல, தோப்பு மாதிரி. தூண்களுக்குப் பின்னால் சுவர் துணியைப் போல மடிப்பு மடிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அசைகிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. கல் எங்கே அசையும்? அதன்மேல் வெளிச்சம்தான் ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. இதோ முடிந்துவிடும் என்று நினைத்த இடத்திலெல்லாம் இன்னொரு விளிம்பு வந்தது. அதற்கும் மேலே இன்னும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கவிழ்த்த கிண்ணத்தைப் போல வளைந்த கூரையில், அக்கா சொன்ன நூல்கள் தொங்கின. ஆயிரக்கணக்கில், மழை இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டது போல.

தம்பி சுட்டியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டான். அதைத் தொட்டால் ஏதாவது கலைந்துவிடும் போலிருந்தது.

வெகுநேரம் கழித்து அக்கா, "இதுக்குள்ளயாடா நான் இருந்தேன்?" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

தம்பி மெதுவாகப் படத்தை நகர்த்தினான். கூடத்தின் நீளம் நூற்று நாற்பது மீட்டர். எண்ணாகப் பார்த்தபோது அது வெறும் எண்தான். திரையில் பார்க்கும்போதும் அது எவ்வளவு பெரியது என்று மனதுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு கதவில்லை, ஒரு நாற்காலியில்லை. அப்போதுதான் தரையில், ஒரு தூணின் அடியில், ஏதோ கறை போல ஒன்று கண்ணில் பட்டது. கருவியின் பிழையாக இருக்கும், அழித்துவிடலாம் என்று பக்கத்தில் போனான்.

பிழை இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஓர் உருவம். பாதி ஹெல்மெட், ஒரு தோள், மடக்கிய முழங்கால். கருவி சுற்றும்போது அதன் பார்வையில் படாமல் இருக்க யாரோ தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். முழுசாக ஒளிய முடியவில்லை.

"அக்கா, இது நீ."

அக்கா முன்னால் குனிந்து பார்த்தாள். "அட ஆமாம். ஆளைப் பிடிச்சிருச்சே! கால் மரத்துப் போய்க் கொஞ்சம் நகர்ந்தேன், அதான்."

தம்பி மறுபடி பின்னால் வந்தான். உருவம் சிறுத்தது. எறும்பாயிற்று. கடுகாயிற்று. கூடம் முழுசாகத் திரைக்குள் வந்தபோது அவளைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதுதான் அவனுக்கு அதன் அளவு விளங்கியது. அந்தக் கடுகு அத்தனை பெரிய இருட்டில், பத்தடி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, மூன்று நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, எழுந்து முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்திருக்கிறது, திரும்ப உட்கார்ந்திருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. வீட்டுக்கு வந்து, சேற்று பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறது.

அவன் குகையைப் பார்த்து வாயடைத்துப்போனானா, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தா என்று கேட்டால், அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

"ஏண்டா அப்படிப் பார்க்கறே?"

"ஒண்ணுமில்ல."

மெமரியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. டிரோனை வைத்து எடுத்திருந்த குவாரியின் மேல்தரையையும் அவன் ஏற்றினான். முதலாளிக்குப் படம் கொடுக்கும்போது குகை குவாரிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மேல்தரையைக் கண்ணாடியைப் போல ஊடுருவித் தெரியும்படி செய்துவிட்டு, கூடத்தின் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தான்.

கவிழ்த்த கிண்ணத்தின் உச்சிக்கு நேர் மேலே நாலு சதுரங்கள் தெரிந்தன. நாலும் கிண்ணத்தில் வைத்த பொட்டைப் போல அத்தனை நெருக்கமாக இருந்தன.

"அந்த நாலும் என்னது?" என்றாள் அக்கா. கேட்டவளே பதிலும் சொன்னாள். "கிரஷர். கல் அரைக்கிற மிஷின். அதோட நாலு கால்."

தம்பி இடையில் இருந்த பாறையை அளந்தான். மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். தப்பாக இருக்கும் என்று இன்னொரு இடத்தில் அளந்தான். மூன்று மீட்டர் பத்து. மலை போன்ற அந்த யந்திரமும், அதன் பக்கத்தில் குவித்த ஜல்லியும், வரிசை கட்டி நிற்கும் லாரிகளும், காலையிலிருந்து மாலைவரை அங்கே நிற்கும் பதினெட்டுப் பேரும், ஓர் அறையின் உயரமே உள்ள பாறையின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். கீழே பன்னிரண்டு மாடி உயரத்துக்கு வெறும் காற்று.

அக்கா ஃபோனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டாள். பின்னணியில் கல் அரைபடும் இரைச்சல்.

"அண்ணே, மிஷினை நிறுத்துங்க."

"என்னம்மா? கேக்கல!"

"மிஷினை நிறுத்துங்க! எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஆபீஸ் ஷெட் பக்கம் போயிடுங்க. லாரியை அங்க நிறுத்தாதீங்க. நீங்க நிக்கற இடத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கத்துவது கேட்டது. இரைச்சல் மெல்ல இறங்கி நின்றது. எதற்கு, ஏன், முதலாளியைக் கேட்க வேண்டாமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பி விழுந்த அன்றைக்கு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தவர் அவர்.

முதலாளிதான் கேட்டார். சிவந்த முகத்தோடு, நனைந்த குடையோடு, ஒரு மணி நேரத்தில் மாடியேறி வந்தார். "யாரைக் கேட்டு வேலையை நிறுத்தினீங்க? ஒரு நாள் நின்னா எனக்கு எவ்வளவு போகும் தெரியுமா?" என்று வாசலிலேயே தொடங்கினார். தம்பி பதில் பேசாமல் தன் நாற்காலியைத் திருப்பி அவருக்குக் கொடுத்தான். சூரியனை அணைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஏற்றினான்.

தூண்கள் தெரிந்தபோது அவருடைய பேச்சு நின்றது. கூரை தெரிந்தபோது மடியில் இருந்த குடை நழுவித் தரையில் விழுந்தது; அவர் எடுக்கவில்லை. நாலு கால்களையும் காட்டினான். அவர் கிட்டப்போய், மூக்கு திரையில் படுகிற தூரத்தில் நின்று பார்த்தார்.

"இருபது வருஷம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் கேள்வி ஞாபகம் வந்தவர் போல, "எத்தனை லோடு ஆகும்?" என்றார். ஆனால் இப்போது அதில் கறார் இல்லை.

தம்பி கணக்குப் போட்டு வைத்திருந்தான். "பதினாறாயிரம் லோடு. பெரிய கூடத்துக்கு மட்டும்."

முதலாளி சிரித்துவிட்டார். வியர்த்துப்போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "என் மொத்தக் குவாரியையும் உள்ள தள்ளினாலும் பத்தாது போலிருக்கே!"

அடுத்த இரண்டு நாளில் ஒரு பொறியாளர் வந்து, கிரஷருக்குச் சற்றுத் தள்ளி மெல்லிய துளை போட்டுப் பார்த்தார். மூன்றேகால் மீட்டரில் ஊசி மறுபக்கம் போய்விட்டது. மூன்று வாரத்தில் கிரஷரைப் பிரித்துக் குவாரியின் மேற்கு ஓரத்துக்கு மாற்றினார்கள். குழியை மூடுகிற பேச்சை முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நிலவியல் துறைக்கு அவரே கடிதம் எழுதினார்; அங்கிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார்.

சின்ன கார்டுகள் இரண்டையும் திருப்பிக் கொடுக்கத் தம்பி போகவில்லை. ஸ்க்ரூவே வாங்கிப் போக வந்தான். வந்தவனை உட்கார வைத்துக் காட்டினார்கள். அவன் உதட்டிலிருந்து திருகாணிகள் ஒவ்வொன்றாக மடியில் உதிர்ந்தன. "நான் வித்த கார்டுலயா இது ஓடுது?" என்று மூன்று தடவை கேட்டான். கடையைப் பூட்டாமல் வந்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது.

அடுத்த சில வாரங்களில் குவாரி ஆட்கள் பதினெட்டுப் பேரும் முறை வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். சலவைக் கடையிலிருந்து பெஞ்சு இரவல் வாங்கிப் போட்டார்கள். கடைசியாக மேஸ்திரி, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகிறவரை விட்டிருக்க மாட்டாள்.

"இது உண்டாகி எத்தனை காலம் ஆயிருக்கும் தம்பி?" என்றார் மேஸ்திரி.

"துறையில இருந்து வந்தவர் சில லட்சம் வருஷம்னு சொன்னார்ண்ணே."

அவர் அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தார். "நான் இதுக்கு மேல உக்காந்து பத்தொன்பது வருஷம் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கேன்" என்றார். பிறகு விரலை நீட்டினார். "அது என்ன, அந்த மூலையில மட்டும் ஒண்ணுமே இல்லாம கறுப்பா இருக்கு?"

கூடத்தின் தாழ்ந்த கோடியில், தரை முடிகிற இடத்தில், புள்ளியே இல்லாத ஒரு வட்டம் இருந்தது. எத்தனை வெளிச்சம் வைத்தாலும் அது வெளுக்கவில்லை. இத்தனை நாளும் கண் மேலேயே போனதால், அதைப் பற்றித் தம்பி அவ்வளவாக யோசித்திருக்கவில்லை.

அக்கா சொன்னாள். "தண்ணிண்ணே. ரொம்பத் தெளிஞ்ச தண்ணி. கிட்ட போனப்போ தண்ணி இருக்கறதே தெரியல. கால் நனைஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது. லேசர் அதுக்குள்ள போய்த் திரும்பி வரல."

"ஆழம்?"

"பார்க்கல."

அடுத்த மாதம், நிலவியல் துறை கேட்டுக்கொண்டபடி, ஆழத்தைப் பார்க்க அக்காவும் அவள் சிநேகிதியும் காற்றடைத்த சின்னப் படகோடு உள்ளே இறங்கினார்கள். தம்பி குழியின் வாயருகே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், குவாரி ஆட்கள் இழுத்துவிட்ட ஒயரில் மாட்டிய ஃபோனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். கீழே துடுப்பு தண்ணீரில் படும் சத்தம் கேட்டது. அது திரும்பத் திரும்ப எதிரொலித்து, பத்துப் பேர் துடுப்புப் போடுவது போலிருந்தது. நுனியில் ஈயக் குண்டு கட்டிய கயிறு எழுபது மீட்டர். அக்கா அதை விட விட எண்ணிக்கொண்டே வந்தாள். பத்து. இருபது. முப்பத்தைந்து. ஐம்பது. எழுபது. அவள் குரல் போகப் போகத் தணிந்தது. யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

பிறகு எண்ணுவது நின்றது.

"அக்கா?"

"கயிறு தீர்ந்துபோச்சுடா."

"தரை?"

ஒரு சொட்டு எங்கோ மேலிருந்து விழுந்து, அந்த ஓசை கூடம் முழுக்கச் சுற்றி வந்து அடங்கும்வரை காத்திருந்தாள்.

"தொடல" என்றாள்.